லெவாசா என்றொரு பயணி

அத்தியாயம் பதினான்கு

புதன்கிழமை சாயங்காலம் சொந்தத் தீவான சமோவாவில் ஒரு பிக்கப் வண்டிக்கு பிரேக் பிடிக்காமல் போயிற்று. அன்றிலிருந்து பிரிஸ்பேனை ஒட்டிய லோகனில், எசேத்தாவின் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வண்டியை ஓட்டியவன் அவளுடைய பெரியப்பா மகன் ஃபெரேத்தி. அடிபட்டவர் பக்கத்துக் கிராமத்துத் தச்சர். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போய்விட்டது. ஃபெரேத்தி இப்போது போதகர் வீட்டில் ஒளிந்திருக்கிறான். தச்சரின் தம்பிமார்கள் அரிவாளும் கையுமாக அந்தத் தெருவில் நடமாடுகிறார்கள்.

திங்கட்கிழமை தச்சருக்கு அடக்கம். அன்றைக்குச் சூரியன் வருவதற்கு முன்னால் ஃபெரேத்தியின் குடும்பத் தலைவர் தச்சர் வீட்டு வாசலுக்குப் போய், தலையில் பாயைப் போர்த்திக்கொண்டு மண்டியிட்டுக் குனிந்திருக்க வேண்டும். அவர்கள் மனம் இளகி வெளியே வந்து அந்தப் பாயை எடுத்துவிட்டால் ஃபெரேத்தி பிழைத்தான். யாரும் வராமல் பொழுது விடிந்துவிட்டால் அதற்கப்புறம் நடப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்று போதகர் போனில் சொல்லிவிட்டார்.

குடும்பத் தலைவருக்கு லெவாசா என்று பட்டம். ஃபெரேத்தியின் அப்பா காலமான பிறகு, பதினான்கு மாதம் முன்பு, ஊர் கூடி அந்தப் பட்டத்தை எசேத்தாவின் அப்பாவுக்குக் கொடுத்தது. இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகப் பெட்டி கட்டும் மனிதர். ஆனால் லோகனில் எந்த சமோவாக்காரன் வீட்டுக்குப் போனாலும் அவருக்குத்தான் முதல் நாற்காலி.

இனி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பிரிஸ்பேன் விமான நிலையம்.

கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். பிறகு, இந்த மாதிரி இடங்களில் வழக்கமாக வரும் அந்தப் புன்னகை வந்தது. அதைப் பார்த்ததும் எசேத்தா கவுண்டரை நெருங்கி நின்றாள்.

"இந்த டிக்கெட் யாரோடது?"

"என் அப்பாவோடது. இவர்தான்."

"டிக்கெட்ல லெவாசான்னு இருக்கு. இவரு இயோனா பெனேத்தா."

அப்பாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள்தான் பேச்சை நிறுத்தினார்கள். டின் இறைச்சிப் பெட்டிகளும் பிளாஸ்டிக் வாளிகளுமாக நின்ற அத்தனை பேரும் சமோவாக்காரர்கள். அவருடைய பழைய பெயரை ஒரு வெள்ளைக்காரப் பெண் இப்படிப் பொதுவில் சத்தமாகச் சொல்லிக் கேட்டதும், தாங்களே ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி தரையைப் பார்த்தார்கள்.

எசேத்தா பொறுமையாகத்தான் விளக்கினாள். லெவாசா என்பது பட்டம், பட்டம் வந்தபின் அதுதான் பெயர், பாஸ்போர்ட்டை இன்னும் மாற்றவில்லை, மாற்றச் சொல்லி அம்மா பதினான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அப்பாவுக்குத்தான் அந்த ஆபீஸ் பக்கம் போக நேரமில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு அந்தப் பெண், ஓ, செல்லப் பேரா என்றாள்.

பின்னால் யாரோ ஒரு அம்மாள் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது.

மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள். ஜானின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த, ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். மரியாதையாகப் பேசுகிறவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது எசேத்தாவுக்கு அன்றைக்குப் புரிந்தது.

ஜானின் சொன்னதன் சாரம் இதுதான். எழுத்து மாறியிருந்தால் இங்கேயே திருத்தலாம். பெயரே வேறாக இருந்தால் அது வேறு ஆள். ஒரு ஆளின் டிக்கெட்டை இன்னொரு ஆளுக்கு மாற்ற விதியில் இடமில்லை. டிக்கெட் போட்ட ஏஜென்ட் வேண்டுமானால் அதை ரத்து செய்துவிட்டு வேறு போட்டுத் தரலாம். ஆனால் விமானம் நிரம்பியிருக்கிறது, மூன்று பேர் காத்திருப்போர் பட்டியலில் நிற்கிறார்கள், ரத்து செய்த அடுத்த நொடி இருக்கை அவர்களில் ஒருவருக்குப் போய்விடும். அடுத்த விமானம் புதன்கிழமை.

"பாஸ்போர்ட் நம்பரும் அதே பதிவுலதானே இருக்கு?" என்று கேட்டாள் எசேத்தா. "ரெண்டு நாளா உங்க கம்ப்யூட்டர்ல பேரும் இருக்கு, நம்பரும் இருக்கு. ரெண்டும் ஒட்டலன்னு அது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அது ஒப்பிட்டுப் பாக்காது மேடம்."

"பின்ன யாரு பாக்கணும்?"

ஜானின் தன் கவுண்டர்த் திரையை மெல்லத் திருப்பிக் காட்டினாள். டிக்கெட்டின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில், பெயரும் தேதியும் சரியா என்று பார்ப்பது பயணியின் பொறுப்பு என்று இருந்தது. நம்முடைய பணம் வாங்கும்போது பெரிய எழுத்து, நம்முடைய பொறுப்பு என்றால் பொடி எழுத்து. அதை எசேத்தா வாய்விட்டே சொன்னாள். வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஜானின் அதற்கும் கோபப்படாமல், முன்பதிவு செய்தபின் யாராவது அதைப் பார்த்துச் சரி சொன்னீர்களா என்று மட்டும் கேட்டாள்.

"ஏஜென்ட்தான் எல்லாம் செஞ்சாங்க," என்றாள் எசேத்தா.

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தாள். ஒரு கையில் கஞ்சிக் கிண்ணம், எதிரே வாயைத் திறக்க மறுக்கும் ஒரு கிழவர். அப்போது சூலியெத்தி அத்தையிடமிருந்து போனில் டிக்கெட் வந்தது. சூலியெத்தி அத்தை சொந்த அத்தை இல்லை. சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருப்பவள், லோகனில் பாதி சமோவாக்காரர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பவள். பேர், தேதி, எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லு கண்ணு என்று கீழே எழுதியிருந்தாள். எசேத்தா திறந்துகூடப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. திறந்தாள். முதல் வரியில் லெவாசா என்று பெரிய எழுத்தில் இருந்ததைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பிவிட்டுக் கஞ்சிக்குத் திரும்பிவிட்டாள்.

அந்தக் கட்டைவிரல் இப்போது அவள் போனில், கைப்பைக்குள் கிடந்தது. விமான நிறுவனத்தை அவள் எவ்வளவு சத்தமாகத் திட்டினாளோ, அவ்வளவுக்கு அது உள்ளே கனத்தது.

ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள் என்றாள் ஜானின். கூப்பிடலாம்தான். ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மணி பத்து இருபது. லோகன் சர்ச்சில் ஆராதனை நடக்கிற நேரம். அந்தச் சர்ச்சின் போதகர் போன வருடம் ஒரு பிரசங்கத்தின் நடுவே யாருடைய போனிலோ குத்துப்பாட்டு அடித்ததிலிருந்து, எல்லார் போனையும் அணைத்து வாசலில் உள்ள கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். சூலியெத்தி அத்தையின் போன் கூடையில். அம்மாவின் போனும் கூடையில்.

தம்பி விலியாமுதான் கதி. அவன் அப்பாவை இறக்கிவிட்டுவிட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தான். அவனைப் போனில் பிடித்து எசேத்தா விஷயத்தைச் சொன்னாள்.

"பாட்டு நடுவுல போயி எப்படிக்கா கூப்பிடுறது? அத்தை ரெண்டாவது வரிசையில நிக்கும். போதகர் என்னைக் கொன்னுடுவாரு."

"ஃபெரேத்திய கொன்னுடுவாங்கடா. போ. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வா. என்ன பண்ணுவாங்களோ தெரியாது, அந்த டிக்கெட்ட அவங்களே சரிபண்ணியாகணும்."

"நீ பாத்து சரின்னு சொன்னதா அத்தை சொல்லிச்சே?"

எசேத்தா போனை வைத்துவிட்டாள்.

அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பாய். அம்மா கல்யாணத்தின்போது அவள் வீட்டார் கொடுத்த பாய், துணி மாதிரி மெல்லியது, மடித்து வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. பெட்டியில் போட்டால் எங்காவது தொலைத்துவிடுவார்கள் என்று அதைக் கையிலேயே வைத்திருந்தார். எசேத்தா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தையிடம் பாஸ்போர்ட் நகல் இருந்ததே, அதைப் பார்த்துப் போட என்ன கேடு என்று பொரிந்து தள்ளினாள்.

"குடும்பத் தலைவர வெறும் பேர் சொல்லி எழுத அவளுக்குக் கை வந்திருக்காது," என்றார் அப்பா. "எனக்கே வராது."

இதை என்னவென்று சொல்வது? மரியாதை கொடுத்ததுதான் குற்றமாகிப் போயிற்று. அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அத்தனை பேரும் வரிசையில் பெட்டியோடு நின்றார்கள். திருத்தக்கூடியவள் ஒருத்திதான், அவளுக்கு அது புரியவில்லை. எசேத்தாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. எழுந்து மறுபடி ஜானினிடம் போனாள். ஒரு மனிதன் சாகக் கிடக்கிறான் என்றாள். விடியற்காலையில் அப்பா அங்கே இல்லையென்றால் இன்னொரு சாவு விழும் என்றாள். கத்தவில்லை, கெஞ்சினாள்.

ஜானின் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், பதினொன்று ஐந்துக்கு ஒரு காகிதத்தோடு வந்தாள். ஒரே ஒரு வழி இருக்கிறது என்றாள். பயணி தானே கையெழுத்துப் போட்டு உறுதி கொடுத்தால், இதைப் பிழை திருத்தமாக எடுத்துக்கொள்ளத் தலைமை அலுவலகம் சம்மதித்திருக்கிறது. கவுண்டர் பதினொன்று நாற்பதுக்கு மூடும்.

எசேத்தாவுக்கு அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. காகிதத்தை அப்பாவிடம் ஓட்டமாகக் கொண்டுவந்தாள். அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். மொத்தமே இரண்டு வரிதான். லெவாசா என்பது என் பெயர் அல்ல, அது தவறுதலாகப் பதியப்பட்டது என்று முதல் வரி. அதைச் சரிபார்க்கத் தவறியது என் பொறுப்பே என்று இரண்டாவது வரி.

அப்பா பேனாவை வாங்கவில்லை.

"ரெண்டாவது வரிக்குப் போடுறேன். முதல் வரிக்குப் போட மாட்டேன்."

எசேத்தா முதலில் தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள்.

"அப்பா, மணியப் பாருங்க."

"பாத்தேன்."

"யாரும் படிக்கப் போறதில்ல. போட்டுட்டு உள்ள போங்க. அது வெறும் காகிதம்பா."

"நாளைக்கு நான் தலையில போடப் போறதும் வெறும் பாய்தான்," என்றார் அப்பா. "அந்தப் பேர் என்னோடது இல்லைன்னு இன்னைக்கு எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு யாரா போயி அங்க குனியறது? பெட்டி கட்டுற இயோனா குனிஞ்சா அவங்க எதுக்குப் பாயை எடுக்கணும்?"

எசேத்தாவுக்கு அந்த நிமிடத்தில் விமான நிறுவனத்தைவிட அப்பா மேல்தான் ஆத்திரம் பொங்கியது. அங்கே ஒருவன் போதகர் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கிறான், இவர் இங்கே வரிக்கு வரி வழக்காடுகிறார் என்று தோன்றியது. அதை அப்படியே சொல்லியும் விட்டாள். அப்பா எழுந்து, பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தானே கவுண்டருக்கு நடந்தார். வரிசை விலகி வழிவிட்டது.

அச்சடித்த வாசகத்தை மாற்ற முடியாது என்று ஜானின் சொன்னாள். அப்பா அவளிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினார். குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுத்தி அழுத்தி ஆங்கிலத்தில் எழுதினார். இயோனா பெனேத்தா நான். லெவாசாவும் நான். டிக்கெட்டைப் பார்க்காமல் விட்டது என் குற்றம், வேறு யாருடையதும் இல்லை.

கீழே இரண்டு பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டார்.

கடைசி வரியைப் படித்தபோது எசேத்தாவுக்கு முகம் எரிந்தது. வேறு யாருடையதும் இல்லையாம். காலை பத்து மணியிலிருந்து அவள் கம்ப்யூட்டரைக் குற்றம் சொன்னாள், பொடி எழுத்தைக் குற்றம் சொன்னாள், கூடையில் போன் போடச் சொன்ன போதகரைக்கூட விடவில்லை. அத்தனை பேரையும் ஒருவர் ஒரே வரியில் விடுவித்துவிட்டார். ஜானின் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது எசேத்தாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, அத்தை எனக்குத்தான் அனுப்பிச்சாங்க. பாத்து சரின்னு சொன்னது நான்."

"தெரியும். வெள்ளிக்கிழமையே சூலியெத்தி சொன்னா, பொண்ணு பாத்துட்டான்னு."

"தெரிஞ்சுமா காலையிலேர்ந்து சும்மா இருந்தீங்க?"

"நீ கத்தி முடிக்கட்டும்னு இருந்தேன்," என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். பதினொன்று முப்பத்தாறுக்கு ஜானின் வந்தாள். உள்ளே யாரிடம் என்ன பேசினாளோ, முகம் சிவந்திருந்தது. நின்றபடியே கம்ப்யூட்டரில் தட்டினாள். இயந்திரம் கரகரத்து ஒரு போர்டிங் பாஸைத் துப்பியது. இயோனா பெனேத்தா, இருபத்தாறு சி.

அப்பா போவதற்கு முன் மகளை உச்சியில் முகர்ந்தார். அம்மாவிடம் சொல்லிவிடு என்றார். பாதுகாப்புச் சோதனைக் கதவுக்குள் அவருடைய நீல லுங்கியும் வெள்ளைத் துணிச் சுருளும் மறையும்வரை எசேத்தா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே பிளாஸ்டிக் நாற்காலியில் போய் விழுந்தாள். யாருக்கும் போன் செய்யத் தோன்றவில்லை. பத்து நிமிடமாவது சும்மா இருப்போம் என்றிருந்தது.

அந்தப் பத்து நிமிடத்தைத்தான் அவள் இந்த வாரம் முழுவதும் நினைத்து நினைத்து நொந்துகொள்ளப் போகிறாள்.

கண்ணாடிக் கதவு திறந்து விலியாமு ஓடிவந்தான். பின்னாலேயே சூலியெத்தி அத்தை. வெள்ளைப் பாவாடை, வெள்ளைத் தொப்பி, பாட்டுப் புத்தகம் இன்னும் கக்கத்தில். பாட்டு நடுவே ஓடி வந்ததைப் பற்றிப் போதகர் என்ன சொன்னார் என்பது தனிக் கதை. மூச்சு வாங்கினாலும் அத்தையின் முகத்தில் ஒரு வெற்றிக் களை இருந்தது.

"கவலப்படாத கண்ணு. வர்ற வழியிலயே வண்டியில உக்காந்து பழைய டிக்கெட்ட ரத்து பண்ணிட்டேன். இப்ப பாஸ்போர்ட் பேர்ல புதுசு ஒண்ணு போட்டா முடிஞ்சுது. எங்க அவரு?"

எசேத்தா எழுந்தாள். எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"எப்ப ரத்து பண்ணீங்க?"

"இப்பத்தான். சுங்கச் சாவடி தாண்டினதும். ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

மூடிவிட்ட கவுண்டரில் ஜானின் நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். எசேத்தா அந்த நாடாவுக்கு அடியில் நுழைந்து போனாள். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே ஜானின் திரைக்குத் திரும்பிவிட்டாள். விரல்கள் வேகமாக ஓடின. பிறகு நின்றன. இருபத்தாறு சி இப்போது காத்திருப்போர் பட்டியலில் இருந்த வேறு ஒருவர் பெயரில் இருந்தது. விமான வாயிலில் அப்பா போர்டிங் பாஸைக் காட்டினால் இயந்திரம் சிவப்பு விளக்கைப் போடும்.

"இத யாரு ரத்து பண்ணச் சொன்னது?" என்று கேட்டாள் ஜானின்.

சூலியெத்தி அத்தை விலியாமுவைப் பார்த்தாள். அவன்தான் சரிபண்ணச் சொன்னதாகச் சொன்னாள். விலியாமு அக்காவைப் பார்த்தான். சரியாகிவிட்டது என்று ஒரு போன் போட்டுச் சொல்ல அவளுக்கு நேரமில்லையா என்று அவன் கேட்கவில்லை. அவன் கண் கேட்டது.

"நான்," என்றாள் எசேத்தா. "நான்தான் சொன்னேன். முதல் தடவ சரிபாக்காததும் நான்தான், எங்க அப்பா இல்ல. அவர் எழுதினதக் கிழிச்சிடுங்க. என் பேர எழுதிக்குங்க, எங்க வேணா கையெழுத்துப் போடுறேன். அவர மட்டும் நிறுத்திடாதீங்க."

ஜானின் விமான வாயிலின் தொலைபேசி எண்ணை அழுத்திப் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"உங்க பேரு இந்தப் பதிவுலயே இல்லையே மேடம்," என்றாள். "பயணி அவருதானே."

மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. தலைக்கு மேலே இருந்த பலகையில் சமோவாவின் ஆப்பியாவுக்குப் போகும் விமானத்துக்கு நேரே, பயணிகள் ஏறுகிறார்கள் என்று பச்சையாக வந்தது.